ஒருத்தி பெயரில் இரண்டு விண்ணப்பம்

கோபம் ஆறின பிறகு எழுதலாம் என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். ஆறவில்லை. இனிமேலும் ஆறப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதால் இப்படியே எழுதுகிறேன்.

எம்.சி.ஏ. முடித்ததும் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். கீழே பிளாஸ்டிக் மூடி அடிக்கிற பட்டறை, மாடியில் நாங்கள். முதலாளி, டீம் லீடர், என்னோடு சேர்த்து மூன்று புரோகிராமர்கள், அவ்வளவுதான். கீழே மெஷின் ஓடும்போது மேஜை மேல் இருக்கிற டம்ளர் தண்ணீர் அதிரும். எங்கள் ஊர் தவளக்குப்பத்திலிருந்து உள்ளே போகணும். அப்பா மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கத்திரியும் பயிர் போடுகிறவர். தினமும் கடலூர் பஸ்ஸில் தொங்கி வந்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டெம்போவில் எட்டாவது ஆளாக நெருக்கிக்கொண்டு போய்ச் சேருவேன். கம்ப்யூட்டர் வேலை என்றால் நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, யாரோடும் சண்டை கிடையாது என்று வீட்டில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்த வருஷம் டவுனுக்கு வெளியே இருந்த ஒரு தனியார் நர்சிங் கல்லூரி விண்ணப்பத்தை இணையத்தில் வாங்க ஆசைப்பட்டது. வேலை எங்களுக்கு வந்தது. மூன்று பக்கம். முதல் பக்கத்தில் பேர், விலாசம். இரண்டாவதில் பிளஸ் டூ மார்க். மூன்றாவதில் எல்லாவற்றையும் ஒருமுறை காட்டி, சரி என்று அழுத்தினால் விண்ணப்ப எண் வரும்.

சர்வருக்குத் தானாக ஞாபகம் கிடையாது. முதல் பக்கத்தில் பேர் எழுதிவிட்டு இரண்டாவது பக்கத்துக்குப் போனால், அதே ஆள்தான் வந்திருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. அதற்காக ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக ஒரு இடம் ஒதுக்கி, எழுதினதை அதில் வைத்திருக்கும். அதுதான் செஷன். எந்த செஷன் யாருடையது என்கிற எண்ணை பிரவுசர் ஒரு சின்னக் குறிப்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் காட்டும். அந்தக் குறிப்புக்குப் பேர் குக்கி. இதற்கு மேல் ஒன்றும் தெரியவேண்டியதில்லை.

டெஸ்ட் எழுதுவது என் பொறுப்பு. ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஓடுகிற நிரலை வியூ என்போம். பிரவுசரே இல்லாமல், ஒரு ஆள் பக்கத்தைக் கேட்பது மாதிரி கையாலேயே ஒரு ரிக்வெஸ்ட் தயார் பண்ணி, வியூவுக்குள் அனுப்பி, சரியான பதில் வருகிறதா என்று பார்க்கவேண்டும். கையால் செய்த ரிக்வெஸ்டில் செஷன் இருக்காது. வியூ செஷனைத் தேடும், கிடைக்காது, அங்கேயே விழுந்துவிடும். எழுதின டெஸ்ட் பூராவும் தோற்று, திரையில் சிவப்பு.

ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். டெஸ்டுக்காகவே கொடுத்திருந்த பொய் பிரவுசரில் செஷனை எடுத்து மார்க்கைப் போட்டேன். அடுத்த வரியிலேயே காணோம். பிறகுதான் புரிந்தது, அது ஒவ்வொரு முறையும் ஒரு நகலைத்தான் கையில் கொடுக்கிறது, நாமே சேமிக்காவிட்டால் எழுதினது போய்விடும் என்று. சாயங்காலம் எனக்கு வழி பிடிபட்டது. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிதாக ஒரு உண்மையான செஷனை உண்டாக்கி, அதில் மாட்டி, சேமித்து அனுப்பவேண்டும். எல்லா டெஸ்டையும் மாற்ற இன்னும் அரை நாள் போதும். டீம் லீடரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் நாற்காலியைத் திருப்பக்கூட இல்லை.

"ஏம்மா, ஒரு செஷனுக்கு ஒரு நாளா? தள்ளு."

என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, டெஸ்டில் கைவைக்காமல், வியூவில் கைவைத்தார். ரிக்வெஸ்டோடு குக்கி வந்திருந்தால் செஷனைப் பயன்படுத்து. வராவிட்டால் இந்த டிக்ஷனரியில் போடு என்று மூன்று வரி எழுதினார். டிக்ஷனரி என்றால் பேரும் மதிப்புமாகப் போட்டு வைக்கிற ஒரு பட்டியல். அதை நிரலின் தலையில், எல்லாருக்கும் பொதுவாக, ஒன்றே ஒன்று வைத்தார். டெஸ்டில் குக்கி கிடையாது என்பதால் எல்லாம் அந்த டிக்ஷனரிக்குள் போனது. எல்லாம் பச்சை ஆனது.

"பாத்தியா? அஞ்சு நிமிஷம்."

"சார், நெசமான ஆளுங்க யாராச்சும் குக்கி இல்லாம வந்தா? எல்லாரும் அந்த ஒரு டிக்ஷனரியிலதான எழுதுவாங்க?"

"இந்தக் காலத்துல குக்கி இல்லாம எவன் வரான்?"

எழுந்து போய்விட்டார். டெஸ்ட் ஓடுவதற்காக நிஜ நிரலை வளைத்திருக்கிறார் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று நான் எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியாது.

மறுநாள் ஒரு டெஸ்ட் எழுதினேன். இரண்டு பேர், இருவருக்கும் குக்கி இல்லை. முதல் ஆள் பேர் எழுதுகிறாள். இரண்டாவது ஆள் பேர் எழுதுகிறாள். முதல் ஆள் மார்க் எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திறக்கிறாள். அங்கே அவள் பேர் இருக்கவேண்டும். ஓட்டினேன். இரண்டாவது ஆளின் பேர் இருந்தது. சிவப்பு.

டீம் லீடரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடி பார்த்தார்.

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல, ரெண்டு பேருக்கும் குக்கி இல்லாம. கதை எழுதுறியா?"

"நடக்கலாம் சார்."

"நாளன்னிக்கு காலேஜ்காரங்க வராங்க. செவப்பா ஒண்ணு நின்னா இன்னான்னு கேப்பாங்க. நீயா பதில் சொல்லுவ? அந்த டெஸ்ட்டை ஓடாம பண்ணிடு. அப்பறமா பாத்துக்கலாம்."

பக்கத்து மேஜையில் என்னோடு வேலைக்குச் சேர்ந்த புரோகிராமர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்தது. அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் அந்த டெஸ்டின் தலையில், இதைத் தாண்டிப் போ என்று ஒரு வரி எழுதினேன். என் கையால், என் லாகினில். சேமித்தேன். கல்லூரியிலிருந்து வந்தவர்கள் முன்னால் திரை முழுக்கப் பச்சையாக ஓடியது. "எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணியாச்சு சார்" என்றார் டீம் லீடர். அவர்களுக்குப் பஃப்ஸும் டீயும் வாங்கி வைத்தோம்.

அந்த 'அப்பறமா' வரவேயில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

விண்ணப்பம் வாங்க ஆரம்பித்து, முதல் பட்டியல் போட்டு, சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்த வாரம். கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. யாரோ ஒரு அம்மா வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்கிறாராம், உங்கள் ஆளை அனுப்புங்கள் என்றார்கள். டீம் லீடர் கிளம்பினார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வர என்னையும் அழைத்தார்.

அலுவலகத்தில் சூப்பரின்டெண்டின் மேஜைக்கு எதிரே வைத்திக்குப்பத்திலிருந்து வந்த அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். காலையில் மீன் விற்றுவிட்டு நேராக வந்திருக்கவேண்டும். முந்தானையை இடுப்பில் செருகினது செருகினபடி இருந்தது. பக்கத்தில் அவர் மகள், ஒரு பிளாஸ்டிக் கவரில் மார்க் ஷீட்டை வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஆயிரத்து எண்பத்து மூன்று மார்க். அவளை விடக் குறைவாக எடுத்தவர்களுக்கெல்லாம் சான்றிதழோடு வரச் சொல்லிக் கார்டு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. கையில் விண்ணப்ப எண் இருந்தது. அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் வேறு ஒரு பெண்ணின் பேர் வருகிறது.

சூப்பரின்டெண்ட் இரண்டு தாளை எங்கள் பக்கம் தள்ளினார். இரண்டு விண்ணப்பம், இரண்டு எண், ஆனால் இரண்டிலும் அந்த வேறு பெண்ணின் பேர்தான். இரண்டிலும் மார்க் ஆயிரத்து எண்பத்து மூன்று. பாடவாரியாகப் பார்த்தாலும் இந்தப் பெண்ணின் மார்க் ஷீட்டில் இருப்பதேதான். இவள் பேரில் எங்கேயும் ஒரு விண்ணப்பமும் இல்லை.

டீம் லீடர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சார், இது யூசர் மிஸ்டேக். ரெண்டும் பிரண்ட்ஸா இருக்கும். பக்கத்துல பக்கத்துல உக்காந்து மாத்தி மாத்தி அடிச்சிருக்குங்க."

"எனக்கு அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது சார்" என்றாள் மகள்.

"கடைசிப் பக்கத்துல பேரு காட்டுச்சில்ல? படிச்சுப் பாக்கலியா?"

"பாத்தேன் சார். வேற பேரு இருக்குதுன்னு பிரவுசிங் சென்டர் அண்ணங்கிட்ட சொன்னேன். அது அப்படித்தான் காட்டும், நம்பர் வந்தா போதும்னு அவரே அமுக்கிட்டாரு."

டீம் லீடர் சூப்பரின்டெண்டைப் பார்த்துச் சிரித்தார். படித்தவர்கள் இரண்டு பேர் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்களே, அந்தச் சிரிப்பு. "பாத்தீங்களா சார்? நாங்க இன்னா பண்றது?"

அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"எம் பொண்ணுக்கு அவ பேரு எழுதத் தெரியாதா? பன்னெண்டு வருசம் இன்னாத்த படிச்சா? நீ இன்னாய்யா சிரிக்கிற?"

நான் எழுதின டெஸ்ட் அப்படியே இரண்டு தாளாக மேஜை மேல் கிடந்தது. ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"அந்த பிரவுசிங் சென்டர்ல மெயில் பாக்க முடியுமாமா?"

"முடியாதுக்கா. லாகின் பண்ணா திரும்பத் திரும்ப பாஸ்வேர்டே கேக்கும். பசங்க மெயில தொறந்து வெச்சிட்டுப் போய் பெரிய சண்டை ஆயிடுச்சாம். அதுலேர்ந்து அண்ணன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வெச்சிருக்காரு."

குக்கியை அடைத்து வைத்திருக்கிறார். டீம் லீடருக்கும் அந்த விநாடியே புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. ஆனால் அவர் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"அப்போ அது பிரவுசிங் சென்டர் மிஸ்டேக் சார்."

அதுவரை என் வாழ்க்கையில் பெரியவர்கள் முன்னால் நான் குரலை உயர்த்தினதில்லை. அன்றைக்கு உயர்ந்தது.

"இல்ல சார். நம்ம மிஸ்டேக்."

"நீ சும்மா இரு."

"சும்மா இருந்ததாலதான் சார் இப்படி ஆச்சு."

இரண்டாம் கட்டத்துக்காக விண்ணப்பம் இன்னும் திறந்தே இருந்தது. சூப்பரின்டெண்டிடம், உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர் இரண்டு வேண்டும் என்று கேட்டேன். இரண்டிலும் போய் குக்கியை அடைத்தேன். ஒன்றில் அந்தப் பெண்ணை உட்காரவைத்து அவள் பேரை எழுதச் சொன்னேன். இன்னொன்றில் சூப்பரின்டெண்டையே உட்காரச் சொல்லி, அவர் பேரை எழுதி அழுத்தச் சொன்னேன். பிறகு அந்தப் பெண் தன் மார்க்கை எழுதினாள். கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

திரையில் சூப்பரின்டெண்டின் பேர். அதற்குக் கீழே ஆயிரத்து எண்பத்து மூன்று மார்க்.

சூப்பரின்டெண்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை, போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார். அந்த அம்மா, "இப்ப இவரா நர்சுக்குப் படிக்கப் போறாரு?" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சூப்பரின்டெண்ட் அந்த இரண்டு தாளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார். "முந்தாநாள் இந்த இன்னொரு பொண்ணு வந்துது. கார்டுல ஆயிரத்து எண்பத்து மூணு, சர்ட்டிபிகேட்டுல எழுநூத்திச் சொச்சம். நான்தான் திட்டி அனுப்பினேன். போலீசுல குடுத்துருவேன்னு சொன்னேன். அவங்க அப்பா எதிர்லயே சொன்னேன்."

அவர் என்னிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்றார். டீம் லீடர், "ஆபீஸ் போய் முதலாளிகிட்ட கேட்டுட்டு மெயில் அனுப்பறோம் சார்" என்று எழுந்தார். நான் உட்கார்ந்து எழுதினேன். தவறு எங்கள் நிரலில் இருக்கிறது, விண்ணப்பித்தவர்களிடம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சர்வர் பதிவேட்டைப் பார்த்து, குக்கி இல்லாமல் வந்த எல்லா விண்ணப்பத்தையும் எடுத்துத் தருகிறேன் என்றும் எழுதினேன். வெளியே வந்ததும் டீம் லீடர் தன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் லேப்டாப்போடு பஸ்ஸில் வந்தேன்.

மறுநாள் முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். பிரான்ஸ் குடியுரிமை உள்ள குடும்பம். பழைய ஆட்கள் அவரைப் பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி முசே என்றுதான் அழைப்பார்கள். நல்ல மாதிரியாகப் பேசுகிறவர். டீம் லீடர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி போடவில்லை.

"கம்பெனி விஷயத்தை வெளிய எழுதிக் குடுக்க உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

"சார், ஒரு பொண்ணுக்கு சீட்டே போயிருக்கும் சார்."

"அது சரி. இது இன்னா?"

முதலாளி தன் திரையை என் பக்கம் திருப்பினார். நிரலில் யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்கிற பதிவு. இரண்டு பேர் டெஸ்டைத் தாண்டிப் போ என்கிற வரி. அதன் எதிரே என் பேர்.

"இந்த டெஸ்ட் ஓடியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நிறுத்தினது நீ."

டீம் லீடர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருதான் சார் நிறுத்தச் சொன்னாரு."

"நான் அப்படிச் சொல்லல. சரி பண்ணச் சொன்னேன்" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.

பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார், டீம் லீடரைப் பார்த்தார். "ஞாபகம் இல்ல சார்" என்றார். அவருக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதையெல்லாம் யோசித்து அவரை மன்னித்துவிடலாம் என்று எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

"அந்த டிக்ஷனரியை வெச்சது யாருன்னு பாருங்க சார்" என்றேன். அதற்கும் பதிவு இருக்கும் அல்லவா? திறந்தார்கள். அதற்கு எதிரேயும் என் பேர். அன்றைக்கு அவர் உட்கார்ந்து எழுதினது என் கம்ப்யூட்டரில், என் லாகினில்.

அந்த அறையில் எனக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் சுட்டது. "அந்த ஒரு வரிய நான்தான் போட்டேன். தப்பு நம்மளுதுன்னு காலேஜ்ல கையெழுத்தும் போட்டுட்டேன். இவரு எதுக்காச்சும் கையெழுத்து போடுவாரா, கேளுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

நிரலைச் சரிபண்ணினதும் நான்தான். அந்த டிக்ஷனரியை எடுத்தெறிந்தேன். குக்கி இல்லாவிட்டால் விண்ணப்பத்தை நிறுத்தி, தமிழிலும் இங்கிலீஷிலும் காரணம் சொல்கிற மாதிரி செய்தேன். எல்லா டெஸ்டையும் உண்மையான செஷனோடு திருப்பி எழுதினேன். சொன்னபடியே அரை நாள்தான் ஆனது. அரை நாள்! அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

பதிவேட்டிலிருந்து, குக்கி இல்லாமல் வந்த ஒன்பது விண்ணப்பத்தை எடுத்துக் கல்லூரிக்குக் கொடுத்தேன். எல்லாம் அதே பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தவை. ஒன்பது பேரையும் சான்றிதழோடு நேரில் அழைத்தார்கள். வைத்திக்குப்பத்துப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. சேர்ந்த அன்றைக்கு அந்த அம்மா ஆபீசுக்கே வந்து, வாழையிலையில் கட்டின வஞ்சிரத் துண்டைக் கீழே பட்டறைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். டீம் லீடர் வீட்டுக்கு அது போயிருக்கும்போல. எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

எட்டு பேர் வந்தார்கள். ஒருத்தி மட்டும் வரவில்லை. தன் பேரில் இரண்டு விண்ணப்பம் இருந்த அந்தப் பெண். கல்லூரி இரண்டு கடிதம் போட்டதாகச் சொன்னார்கள். விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். அவள் அப்பா எடுத்தார். கல்லூரியின் பேரைச் சொன்னதுமே, "எம் பொண்ண திருடின்னு சொன்ன எடம் அது. இனிமே போன் பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டார்.

நான்கு நாள் விட்டு மறுபடி செய்தேன். இந்த முறை அவளே எடுத்தாள். யார் என்று சொன்னேன். தவறு எங்களுடையது, உன்னுடையது இல்லை என்றேன். உன்னுடைய சொந்த மார்க்குக்கே இரண்டாவது பட்டியலில் வாய்ப்பு இருக்கிறது, வந்து பார் என்றேன்.

"அது என் மார்க் இல்லன்னு நானே சொன்னேன் மேடம். கார்டு வந்தப்பவே அப்பாகிட்ட சொன்னேன், அங்கயும் போய் மொதல்ல அதத்தான் சொன்னேன். யாரும் கேக்கல."

"இப்ப நான் கேக்கறேன்மா."

"இப்ப எதுக்கு மேடம்? கடலூர்ல பி.ஏ. சேந்துட்டேன்."

வைத்துவிட்டாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நான் அந்தக் கம்பெனியில் இன்னும் ஏழு மாதம் இருந்தேன். அதுதான் எனக்கு என் மேலேயே இருக்கிற கோபம். அன்றைக்கே வேலையை விட்டு வந்திருக்கவேண்டும். டீம் லீடர் எங்கள் ஆபீசில் நடந்த அடுத்த கூட்டத்தில், எங்கள் டெஸ்ட் முறையை எப்படி மேம்படுத்தினோம் என்று கல்லூரிக்காரர்களுக்கு விளக்கம் கொடுத்தார். நான் எழுதின இரண்டு பேர் டெஸ்டைத்தான் உதாரணமாகத் திரையில் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். சூப்பரின்டெண்ட் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்து கதவைத் திறந்து வெளியே போய், கீழே மூடி அடிக்கிற மெஷின் பக்கத்தில் நின்றேன். அந்தச் சத்தத்தில் நான் என்ன திட்டினாலும் யாருக்கும் கேட்காது. வாய் வலிக்கிற வரைக்கும் திட்டினேன்.